பட்டறைக்கு வரப்போகிற பிள்ளைக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. மார்க் அதிகம் என்றால் பி.இ., நடுத்தரம் என்றால் ஆர்ட்ஸ் காலேஜ், அதற்கும் கீழே என்றால் கைத்தொழில். இந்த வரிசை தப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்றுநராகவே பணிக்காலம் முழுவதும் இருந்தவன் நான். நல்ல மார்க் வாங்கியும் ஆசைப்பட்டுப் பட்டறைக்கு வந்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேறு வழியில்லை என்று வந்து, முகம் சுளித்தபடியே காலத்தைத் தள்ளியவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இருவருக்கும் கொடுத்த பாடம் ஒன்றுதான். கையில் தங்கியது ஆசைப்பட்டு வந்தவனுக்கு மட்டுமே.

சேருவதற்கு முன்னால் வந்து விசாரித்த பிள்ளைகளிடம் நான் சொல்லிவந்ததை இங்கே எழுதுகிறேன்.

1. தொழிலின் பேரைக் கேட்டு முடிவெடுக்காதே. அதன் முழு நாள் ஒன்றைப் பார்.

ஏ.சி. மெக்கானிக் என்றால் குளுகுளு அறையில் வேலை என்று நினைத்து வருகிற பையன்கள் உண்டு. அந்த வேலை ஏப்ரல், மே வெயிலில்தான் குவியும். மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்டோர் யூனிட்டில் கயிறு கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மழைக்காலத்தில் கூப்பிட ஆள் இருக்காது. எலக்ட்ரீஷியன் என்றால் வயர் இணைப்பது என்று நினைப்பாய். புது வீட்டில் முதல் மாதம் முழுக்கச் சுவரில் காடி எடுப்பதும் பைப் புதைப்பதும்தான். மூக்கு நிறைய சிமெண்ட் தூசி. வெல்டருக்குத் தோல் ஏப்ரனுக்குள் வேர்த்துக் கொட்டும். ஃபிட்டருக்கும் சி.என்.சி. ஆபரேட்டருக்கும் நாள் முழுக்க நிற்கிற வேலை, சி.என்.சி.க்கு அதோடு மூன்று ஷிஃப்ட் சுற்றும். மோல்டும் டையும் செய்யும் டூல் ரூமில் சத்தம் குறைவு, ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக மணிக்கணக்கில் பொறுமையாக இருக்க வேண்டும்.

இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. உன்னால் தாங்கக்கூடிய கஷ்டம் எது என்று தெரிந்துகொள்வதுதான் தேர்வு. வெயில் தாங்குவாயா? உயரத்தில் தலை சுற்றாமல் நிற்பாயா? வாடிக்கையாளரிடம் பேசப் பிடிக்குமா, அல்லது யாரும் பேசாமல் விட்டால் போதும் என்றிருக்குமா? வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இதற்குப் பதில் வராது. லீவில் தெருமுனை லேத் பட்டறைக்குப் போ. "அண்ணே, ஓரமா நின்னு பாத்துக்கிறேன்" என்று கேள். பெரும்பாலும் விடுவார்கள். காலையில் கடை திறப்பதிலிருந்து ராத்திரி கூட்டிப் பெருக்கும் வரை இரு. சுவாரசியமான நேரம் எல்லா வேலையிலும் இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் அலுப்பு தட்டும்போதும் அந்த வேலையைப் பார்க்கப் பிடிக்கிறதா என்பதைக் கவனி.

2. முதல் சில மாதம் அரம்தான். அதைச் சலித்துக்கொள்ளாதே.

ஃபிட்டர் ட்ரேடில் சேர்ந்தவுடன் கையில் ஓர் இரும்புத் துண்டையும் ஹேக்ஸா பிளேடையும் அரத்தையும் கொடுப்போம். உள்ளங்கை அளவுத் துண்டு. அதன் ஒரு முகத்தைத் தட்டையாக்கி, அடுத்த முகத்தை அதற்குச் சரியான செங்கோணத்தில் கொண்டுவர வேண்டும். கேட்க எளிது. வைஸின் தாடை உன் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இடது கால் முன்னே. அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், பின்னே இழுக்கும்போது அழுத்தம் கூடாது. புதிதாக வருபவனின் கை தள்ளத் தள்ள மேலும் கீழும் ஆடும். அதனால் துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு குவிந்துவிடும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், ஓரத்தில் வெளிச்சம் கசியும். அந்தக் கோடு மறையும் வரை ராவ வேண்டும். ஓர் ஓரத்தில் வெளிச்சத்தை அடைத்தால் மறு ஓரத்தில் கசியும்.

"சார், எல்லாம் சி.என்.சி. ஆயிடுச்சு, இது எதுக்கு?" என்று ஒவ்வொரு பேட்சிலும் கேட்பார்கள். மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். அந்த 0.01 எவ்வளவு என்பது கைக்குத் தெரிந்தவனுக்கு மட்டும்தான், மெஷின் தப்பாக வெட்டும்போது சந்தேகம் வரும். புரோகிராம் போட்டுப் பட்டனை அழுத்துகிறவனை மாற்ற ஒரு வாரம் போதும். ஜாபை, அதாவது வெட்டிய துண்டை, தொட்டுப் பார்த்து "டூல் மழுங்கியிருக்கு" என்று சொல்கிறவனை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார்.

3. படிக்கிற இடத்தை விசாரித்துச் சேர்.

ஐ.டி.ஐ.களில் நடக்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், ஏ.சி. டெக்னீஷியன் எல்லாம் 2 வருடம். வெல்டர், பிளம்பர், டீசல் மெக்கானிக் 1 வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது; சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், பஸ் பாஸ் தருகிறார்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்கள் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும், சேரும்போதே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் இரண்டு விஷயம் பார். நீ சேரும் அந்த ட்ரேடுக்கே தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்று கேள். நிலையத்துக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அடுத்து, பட்டறைக்குள் போய் மெஷினைப் பார். லேத்தின் பெட்டில் தூசி படிந்து எண்ணெய் காய்ந்திருந்தால் அங்கே யாரும் வேலை கற்கவில்லை என்று அர்த்தம். வரவேற்பறையைக் காட்டிவிட்டு பட்டறையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதே.

பிளஸ் டூவில் தகுந்த பாடப்பிரிவு படித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 10-ஆம் வகுப்புக்குப் பிறகு 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவனுக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஆகவே கைத்தொழிலுக்கு வந்தால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

ஐ.டி.ஐ. தவிரவும் இடங்கள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதே இல்லை. கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிபெட் இருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டு செய்யக் கற்றுத்தரும் டிப்ளமோ அங்கே உண்டு. கேரளத்தில் தலச்சேரி பக்கம் நெட்டூரில் 1959-இல் தொடங்கிய என்.டி.டி.எஃப்.பில் டூல் அண்ட் டை படித்தவர்களைத் தென்னிந்தியாவின் டூல் ரூம்களில் எங்கும் காணலாம். கட்டணம் உண்டு, பயிற்சி கண்டிப்பானது. தோல், செருப்புத் தொழிலுக்குக் கிண்டியிலேயே தனிப் பயிற்சி நிலையம். கடல் பிடித்த பிள்ளைக்கு ராயபுரத்தில் சிஃப்நெட்: மீன்பிடிக் கப்பலின் இன்ஜினைப் பார்க்கும் மரைன் ஃபிட்டர், கப்பலைச் செலுத்தும் வெசல் நேவிகேட்டர் என்று இரண்டு பயிற்சிகள். கல்லிலும் சுதையிலும் கை போகிறவர்களுக்கு மாமல்லபுரத்தில் 1957-இலிருந்து அரசுச் சிற்பக் கல்லூரி. உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ட்ரேடை எடுக்காதே.

4. அப்ரண்டிஸ் ஒரு வருடத்தை விட்டுவிடாதே.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு காண்ட்ராக்டர் ஒருவர் வந்து, அப்ரண்டிஸுக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தருகிறேன் என்பார். வீட்டுக் கஷ்டத்தில் பலர் போய்விடுகிறார்கள். போகாதே. அப்ரண்டிஸ் பயிற்சி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும், ஐ.டி.ஐ. சான்றிதழோடு அதுவும் இருந்தால் மதிப்பே வேறு. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பொன்மலைப் பணிமனை, திருச்சி பெல் போன்ற இடங்கள் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. பெரிய ஆலையில் வேலையை ஒழுங்காகச் செய்யும் முறை பழகும்: எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் முறுக்க வேண்டும், அளந்ததை எங்கே எழுத வேண்டும், யார் கையெழுத்துப் போட்ட பிறகு மெஷினைத் தொடலாம் என்பதெல்லாம்.

ஒரு எச்சரிக்கை. அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் "ட்ரெய்னி" என்று வாயால் சொல்லி எடுத்தால், வருடம் முடிந்ததும் உன் கையில் ஒரு தாளும் மிஞ்சாது. முதல் வாரத்திலேயே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கு.

5. வரைபடம் வாசிக்கத் தெரியாதவன் கடைசி வரை ஹெல்ப்பர்தான்.

ஐ.டி.ஐ. பிள்ளைகள் அதிகம் ஒதுக்கும் வகுப்பு என்ஜினீயரிங் டிராயிங். இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. இந்தியாவில் வரைவது முதல் கோண முறையில். அமெரிக்காவிலிருந்து வரும் டிராயிங் மூன்றாம் கோண முறையில் இருக்கும். தாளின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், இடப் பக்கம் போட வேண்டிய துளையை வலப் பக்கம் போடுவாய். விலையுயர்ந்த பிளாக் ஒன்று ஸ்கிராப்புக்குப் போகும். அதேபோல் கணக்கு. டேப்பர் கடைவதற்கு டேன் தீட்டா வேண்டும், கோணம் சரிபார்க்கும் சைன் பாருக்கு சைன் வேண்டும், எலக்ட்ரீஷியனுக்கு ஓம் விதி வேண்டும். பள்ளியில் எதற்கென்று தெரியாமல் படித்த கணக்கு பட்டறையில் ஜாபின் மேல் உட்காரும்போது எளிதில் புரியும். பள்ளியில் கணக்கு வரவில்லை என்று ஒதுங்காதே.

6. கையில் கட்டிய கயிற்றை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா.

சாமிக் கயிறு, காப்பு, மோதிரம், முழுக்கைச் சட்டை, தொங்கும் துப்பட்டா, பின்னாத முடி. சுற்றுகிற மெஷின் இவற்றில் எது கிடைத்தாலும் பிடித்து இழுத்துவிடும். அம்மா கட்டிவிட்டது, கழற்ற மாட்டேன் என்று அழுத பிள்ளை உண்டு. அம்மாவையே அழைத்துவந்து லேத் ஓடுவதைக் காட்டினேன், அவரே கழற்றினார்.

லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் கையுறை போடக் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று எல்லோரும் நினைப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சுற்றும் டூல் கையுறையின் நூலைப் பிடித்தால் விரல் முழுக்கப் போகும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் எடுக்காதே, கொக்கி வைத்து இழு. சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால், அது எதிரில் நிற்பவன் நெற்றிக்குப் பாயும். சக்கை இறுக்கியபின் கீ உன் கையில் இருக்க வேண்டும் அல்லது அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும். வெல்டிங் வெளிச்சத்தை ஒரு நொடிதானே என்று வெறுங்கண்ணால் பார்க்காதே. அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண் எரிந்து தூக்கம் கலையும். கரண்ட் வேலையில் ஸ்விட்சை அணைத்தால் போதாது. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறு. அது உன் பையில் இருக்கும் வரை வேறு யாரும் தெரியாமல் லைன் கொடுக்க முடியாது.

பாதுகாப்புக் கண்ணாடி கேட்டால் "அதெல்லாம் பழகிடும்" என்று சொல்கிற பட்டறையிலிருந்து அன்றைக்கே வெளியே வந்துவிடு.

7. பழுதுக்குக் காரணம் என்னவென்று தேடு.

நம் ஊர்களில் போர்வெல் மோட்டார் காயில் எரிவது வருடா வருடம் நடக்கும். ரீவைண்டிங் கடைக்குத் தூக்கி வருவார்கள். சுற்றிக் கொடுத்தால் காசு வந்துவிடும். ஆனால் ஏன் எரிந்தது? மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கலாம், வோல்டேஜ் இறங்கியிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடியிருக்கலாம். அதைப் பார்க்காமல் சுற்றிக் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்ப எரியும், பழி உன் மேல் விழும். ஏ.சி.யில் கேஸ் குறைந்திருந்தால் கேஸ் நிரப்பிவிட்டுப் போவது பாதி வேலை. நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு நிரப்புவதுதான் முழு வேலை. வெல்டிங்கில் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி ஒட்டும் 6ஜி தேர்வில் தேறியவனுக்கும் கேட் செய்கிறவனுக்கும் கூலியில் இருக்கும் வித்தியாசத்தைத் திருச்சி பக்கம் துவாக்குடியில் போய் விசாரித்துப் பார். எந்தத் தொழிலிலும் ஆழமாகப் போகிறவர்கள் குறைவு. அதனால்தான் அங்கே கூலி அதிகம்.

8. தங்கச்சி, உனக்கும் இதெல்லாம்தான்.

மேலே சொன்ன எல்லாமும் பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அந்த அசெம்பிளி லைனிலேயே நின்றுவிடாதே என்பதுதான் என் தனி அறிவுரை. ஒரே திருகை ஒரு நாளைக்கு எத்தனை முறை முடுக்கினாலும் அது தொழில் ஆகாது. சில வருடத்தில் தோள் வலிதான் மிஞ்சும். உள்ளே போனதும் மெயின்டெனன்ஸ், டூல் ரூம், குவாலிட்டி இந்த மூன்றில் ஒன்றைக் கேள். கேட்டுக்கொண்டே இரு. சேருமுன் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வீடு வரை வண்டி உண்டா, ஓய்வறை எங்கே இருக்கிறது என்றும் கேள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

9. தாள்களை ஒரு ஃபைலில் வை.

ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ். எலக்ட்ரீஷியன் என்றால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று. அது இல்லாமல் தனியாக வயரிங் எடுத்துச் செய்யாதே. உன் தம்பி 10-ஆம் வகுப்போடு ஐ.டி.ஐ. வந்திருந்தால், அவன் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறி 12-ஆம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம் என்று அவனிடம் சொல். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளச் சீட்டில் பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் இருக்கிறதா பார். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு; கை நசுங்கினால் ஆஸ்பத்திரியில் கைகொடுப்பது அதுதான். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்காதே. காட்டு, நகல் கொடு, ஒரிஜினல் உன் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

10. வெளிநாட்டு வேலைக்கு அவசரப்படாதே. போவதானால் நேர்வழியில் போ.

வளைகுடாவுக்கு வெல்டரும் பைப் ஃபிட்டரும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதே வழியில் நகையை விற்று ஏமாந்தவர்களும் நிறைய. மத்திய அரசில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், லட்சம் கேட்கிறவனிடம் எழுந்து வந்துவிடு. விசிட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்பது பொய். தமிழக அரசுக்கே 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரி. கையில் இரண்டு மூன்று வருட அனுபவம் இல்லாமல் போனால் ட்ரேடு டெஸ்டில் தேறினாலும் சைட்டில் தடுமாறுவாய்.

11. சொந்தப் பட்டறை ஆசை நல்லது. ஆனால் கடன் வாங்கி மெஷின் போடுவதற்கு முன், வேறொருவர் பட்டறையில் கொட்டேஷன் போடவும், பாக்கி வசூலிக்கவும் பழகு. வேலை தெரிந்த பலர் கணக்குத் தெரியாமல்தான் மூடுகிறார்கள்.

12. அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்.

மார்க் குறைந்ததற்குத் தண்டனையாகப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை முதல் நாளே தலை குனிந்து வருகிறது. அதை நிமிர்த்தவே எங்களுக்கு ஆறு மாதம் போகிறது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மெஷினைப் பிடித்திருக்கிறது என்றால் தடுக்காதீர்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை ஜூன் வாக்கில் தொடங்கும்; முதல் கலந்தாய்வில் கேட்ட ட்ரேடு கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் மீதியுள்ள இடங்கள் வரும், அதுவரை பொறுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போங்கள். விண்ணப்பம் போட அங்கேயே உதவி செய்வார்கள். எந்த ட்ரேடு என்று கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள், பிள்ளை சொல்லட்டும்.